வண்டியைப் படிக்க வைத்தவர்

தனக்கு எது வேண்டுமென்றாலும் அந்த மனிதர் வண்டிக்கு வேண்டும் என்றுதான் சொல்வார். கடையில் வண்டி நிற்காத நாளில் மிஷினுக்கு வேண்டும் என்பார். அவருக்குப் பசித்தால் டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசர் சூடாகிவிடும். அது ஆறுகிற வரைக்கும் சாயாக்கடையில் போய் உட்காருவார். அவருக்குத் தலை வலித்தால் அன்றைக்குக் காற்றுக்குச் சுகமில்லை. "இன்னைக்குக் காத்து சரியில்லக்கா, பிடிச்சாலும் நிக்காது" என்று ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். வந்தவர்களும் சரி என்று திரும்பிப் போவார்கள். காற்றுக்குக் காய்ச்சல் வரும் என்று நம்புகிற ஊர் இல்லை எங்கள் ஊர். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் எதிர்த்துப் பேசத் தோன்றாது.

சுசீந்திரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போகிற சாலையில் எனக்கு ஒரு கட்டடம் உண்டு. இப்போது அதில் பேக்கரி நடக்கிறது. வாழை போட்டு, குலை விற்று, கூடவே நின்று நான் கட்டிய கட்டடம். என் வீட்டுக்காரர் போன பிறகு, இவள் இனி என்ன செய்யப் போகிறாள் பார்ப்போம் என்று இருந்தவர்கள் எல்லாரும் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போக வேண்டும். அதற்காகவே சாலையை ஒட்டிக் கட்டினேன். மேலே என் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். எழுத்துக்குக் கொத்தனார் கூடுதல் கேட்டான். கேட்கட்டும் என்று விட்டேன்.

அப்போது அதன் முன்பக்கத்தை அவர் வாடகைக்கு எடுத்திருந்தார். கோட்டாற்றுக்காரர். காருக்குச் சக்கரம் பூட்டுகிற வேலை. ஷார்ஜாவில் பல வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஒல்லியான ஆள், தலை முழுக்க நரை. எந்த வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டிருப்பார். ஊரில் வீல்காரர் என்றால்தான் தெரியும். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, மிஷின் நனையுது."

"எந்த மிஷின்?"

"டயர் கழத்துற மிஷின். பாவம், அதுக்குச் சளி பிடிச்சா நாம என்ன செய்ய முடியும்?"

என் கட்டடம் ஒழுகுகிறது என்று ஒருவர் சொன்னால் எனக்குப் பொறுக்காது. குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மிஷின் இருந்த மூலை காய்ந்து கிடந்தது. அவர் சோறு தின்ன உட்காருகிற நாற்காலிக்கு நேர் மேலே ஓடு உடைந்திருந்தது. நாற்காலி மேல் ஒரு வாளி.

"மிஷின் நனையுதுன்னு சொன்னீரு?"

"இப்பம் நனையல்ல. சாரல் திரும்பிச்சுன்னா நனையும்."

"இந்த வாளி?"

"அது சும்மா கெடக்கு."

"சோறு எங்க இருந்து தின்னுதீரு?"

"நின்னுக்கிட்டு. மிஷினுக்கு ஒரு துணையாட்டு இருக்கும்லா."

மறுநாளே ஆள் விட்டுப் புது ஓடு போட்டேன். அவர் வந்து சந்தோஷம் சொன்னதும் மிஷின் பேரில்தான். "மிஷினுக்கு இப்பந்தான் நிம்மதிக்கா" என்றார். நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இன்னொரு தரம் ரிம்மின் ஓரம் கையைக் கிழித்துவிட்டது. ரத்தம் சொட்டுகிறது, இவர் துணியை எடுத்து ரிம்மைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். "புது ரிம்முக்கா, கறை பட்டா வண்டி வருத்தப்படும்." நான்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டார். "சாயங்காலம் வண்டியைக் குடுக்கணும் டாக்டர்" என்றார் இவர். டாக்டர் என்னைப் பார்த்தார். "வலிக்குன்னுதான் சொல்லுகாரு. நீங்க தையலைப் போடுங்க" என்றேன். அந்த மனிதரின் பேச்சுக்கு இப்படிப் பக்கத்தில் ஒருவர் நின்று அர்த்தம் சொல்ல வேண்டும்.

அவர் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போது வருகிற கார்களில் பலவற்றுக்குச் சக்கரத்துக்குள்ளே ஒரு காவல்காரன் உண்டு. டயருக்குள், காற்று அடைக்கிற வால்வின் அடியில், தீப்பெட்டியில் பாதி அளவுக்குக் கறுப்பாக ஒன்று இருக்கும். சென்சார் என்கிறார்கள். காற்று குறைந்தால் அது வண்டிக்குச் சொல்லும். வண்டி உடனே ஓட்டுகிறவர் முன்னால் மஞ்சள் விளக்கைப் போட்டுக் காட்டும். அந்த விளக்கின் அடையாளம், பாயசம் வைக்கிற உருளிக்கு நடுவில் கரண்டியை நட்டு வைத்தது போல இருக்கும். எனக்கு அந்த அடையாளமே போதும். கூட ஒன்றும் எழுத வேண்டாம்.

ஜனங்களுக்குக் கம்பெனி கொடுத்த சக்கரம் பிடிப்பதில்லை. கல்யாண வீட்டில் பக்கத்து வண்டி பளபளவென்று அலாய் வீல் போட்டு நின்றால் நம் வயிறு எரியும். வெளியில் புதிது வாங்கி மாட்டிவிடுவார்கள். பழைய சக்கரத்தோடு சென்சாரும் போய்விடும். வண்டி தன் காவல்காரனைக் காணாமல் விளக்கைப் போட்டபடியே இருக்கும். அப்போதுதான் வீல்காரரைத் தேடி வருவார்கள்.

பழைய சென்சாரைப் புதுச் சக்கரத்தில் வைத்துப் பார்ப்பார். வெளியில் வாங்கும் சக்கரத்தில் சிலதுக்கு வால்வு ஓட்டை ஒரு மாதிரி சாய்ந்திருக்கும். கம்பெனிச் சென்சார் அதில் படிந்து உட்காராது. உட்காராததை அடித்து உட்கார வைக்க மாட்டார். "இது இங்க இருக்க மாட்டேங்குது. வேற ஒண்ணு கேக்குது" என்று சொல்லி, கழுத்து வளைந்து கொடுக்கிற வேறொன்றை எடுப்பார். டயரை ரிம்மில் ஏற்றும்போது மிஷினின் இரும்பு நாக்கு சென்சார் இருக்கிற பக்கம் போகவே கூடாது, போனால் நசுங்கிவிடும். அந்த நேரம் பேச மாட்டார், பேசவும் விட மாட்டார். பிள்ளைத்தாய்ச்சியை பஸ்ஸில் ஏற்றிவிடுகிற மாதிரி இருக்கும் அவர் கை.

பிறகுதான் படிப்பு. புதுச் சென்சார் எது என்று வண்டிக்குத் தெரிய வேண்டும். அதற்கு டெலிபோன் மாதிரி ஒரு கருவி அவரிடமே உண்டு. வால்வு பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தால் குருவி போலக் கத்தும். அநேக வண்டிகளுக்கு அதோடு காரியம் முடிந்தது. சில வண்டிகள் மட்டும் கொஞ்ச தூரம் ஓடினால்தான் தெரிந்துகொள்ளும். அவர் கடைக்கு வருகிற எல்லா வண்டியும் அந்தச் சில வண்டிதான்.

"மிஷினை வச்சுப் படிச்சது மனப்பாடம் சார். ஓடிப் படிச்சாத்தான் நிக்கும்" என்பார். வண்டிக்காரரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுத் தானே ஓட்டிக்கொண்டு போவார். சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஆனால் எத்தனை மாதிரி கார் உண்டோ அத்தனையிலும் ஏறி ஜில்லா முழுக்கச் சுற்றியவர். ஃபோர்வே ரோடு இருக்கிறதே, நேராகப் போய்த் திரும்பினால் போதாதா என்று யாராவது கேட்டால், "நேர் ரோட்டுல வண்டி தூங்கிரும் சார்" என்பார். பூதப்பாண்டியில் அவருடைய கூட்டாளிக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கு வண்டிக்கு மலைக்காற்று வேண்டும். வீட்டில் மீன் இல்லை என்றால் கடல்காற்று வேண்டும். வருகிறவர்களுக்கும் இது தெரியும். தெரிந்துதான் வந்தார்கள். வேலை சுத்தம், கூடவே ஒரு ஊர் சுற்றலும் ஆயிற்று.

சுசீந்திரத்தில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சைவக்காரர், பேங்கில் வேலை பார்த்து ஓய்வானவர். அவர் வீட்டில் முட்டைகூட ஏறாது. புது வண்டி வாங்கி, புதுச் சக்கரம் போட்டு, விளக்கு அணையவில்லை என்று இவரிடம் கொண்டுவந்தார். இவர் அவரை ஏற்றிக்கொண்டு மணக்குடிக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். அங்கே நிறுத்தி, "சார், பொறத்தே வெயிட்டு இல்லாம பின்டயரு ரெண்டும் படிக்க மாட்டேங்குது" என்று சொல்லி ஒரு பெட்டி சாளை மீனை டிக்கியில் ஏற்றினார். பேங்க்காரர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்ததால் வெயிட்டு என்னவென்று கேட்கவில்லை. திரும்பி வரும்போது விளக்கும் அணைந்திருந்தது, மீனும் கோட்டாற்றில் இறங்கியிருந்தது. மணம் மட்டும் இறங்கவில்லை.

மறுநாள் அந்த வீட்டு அம்மா என்னிடம் வந்தாள்.

"மைனி, உங்க கடைக்காரரு எங்க வண்டியை எந்தப் பள்ளிக்கூடத்துல கொண்டு சேத்தாரு? கடப்புறத்துலயா? வண்டியில ஏறினா எனக்குக் கொமட்டிக்கிட்டு வருகு."

வீல்காரரைக் கூப்பிட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"வண்டிக்கு அந்த மணம் பிடிச்சுப் போச்சுன்னா நான் என்னக்கா செய்ய?"

"வண்டிக்கா பிடிச்சுது?"

"ஆமா. எறக்கி விடவே மாட்டேன்னு ஒரே பிடிவாதம்."

சண்டைக்கு வந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று முழுக்க அவரே இருந்து வண்டியைக் கழுவித் துடைத்து, சாம்பிராணி போட்டுக் கொடுத்தார். அந்த அம்மா போகும்போது, "இப்பம் கோயில் மாதிரி மணக்கு. இதுக்காகவே இன்னொரு மட்டம் மீனு ஏத்தலாம் போல" என்றுகூடச் சொல்லிவிட்டுப் போனாள். பேங்க்காரர் காதில் அது விழவில்லை.

இப்படியெல்லாம் விளையாடுகிற மனிதருக்கு ஒரு இடத்தில் மட்டும் விளையாட்டு ஆகாது. சிலர் வந்து, சென்சார் எல்லாம் வேண்டாம், விளக்கை மட்டும் அணைத்துக் கொடுங்கள் என்பார்கள். அப்போது அவர் குரல் மாறிவிடும். "வண்டி வாயைப் பொத்தச் சொல்லுதியளா? வேற கடை பாருங்க" என்று உள்ளே போய்விடுவார்.

ஒருநாள் காலையில் ஒரு கார் தள்ளாடிக்கொண்டு வந்து நின்றது. முன் சக்கரம் ஒன்றில் காற்றே இல்லை. டயர் தரையோடு ஒட்டிக் கிடந்தது. ஓட்டி வந்தது ஒரு டீச்சர். வண்டி ஒரு பக்கமாக இழுத்து, பாலத்துச் சுவரில் மோதப் போய்த் தப்பி வந்திருக்கிறாள். "விளக்கே எரியல்லையே, எரிஞ்சா நிறுத்தியிருப்பேனே" என்றாள். நான் உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

வீல்காரர் சக்கரத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். நேராகப் போய் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினார். அதன் அடியில் பழைய துணியில் சுற்றி ஒரு வெள்ளைக் குழாய் கிடந்தது. வீட்டுக்குத் தண்ணீர் வருகிற அதே பிளாஸ்டிக் குழாய்தான், இரண்டு பக்கமும் மூடி போட்டது. சென்சார் எல்லாவற்றையும் அதற்குள் போட்டு, காற்றடித்து அடைத்து வைத்திருந்தார்கள். குழாய்க்குள் காற்று குறையாது. சென்சார்கள் அதற்குள் இருந்துகொண்டு, எல்லாம் சரி, எல்லாம் சரி என்று வண்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வெளியே டயர் செத்துக் கிடக்கும்.

"இது எங்க செஞ்சது மக்கா?"

தன் வீட்டுக்காரர் கொண்டுபோய்ச் செய்தது என்று அவள் திங்கள்சந்தைப் பக்கம் ஒரு கடையைச் சொன்னாள். வீல்காரர் முகம் வாடிவிட்டது. அது அவருடைய மருமகன் கடை. ஒரே மகளைக் கட்டிக் கொடுத்த இடம்.

டீச்சர் வண்டியைச் சரிபண்ணி அனுப்பிவிட்டு, குழாயைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். அங்கே நடந்ததை எனக்குச் சொன்னது, மருமகன் கடைக்கு எதிரே சாயாக்கடை வைத்திருக்கிறவர். பழம்பொரிக்கு ஏத்தன் வாழைக்குலை என்னிடம்தான் எடுப்பார். கடையில் நல்ல கூட்டமாம். வீல்காரர் குழாயை மேசை மேல் வைத்து, எல்லாரும் பார்க்க, மூடியின் ஓரத்தில் ரம்பப் பிளேடால் அறுத்தாராம். அடைந்து கிடந்த காற்று சீறிக்கொண்டு வந்ததில், மூடி பறந்து போய்க் கண்ணாடி அலமாரியில் அடித்ததாம். மருமகனுக்கு முகம் சிவந்துபோயிற்று.

"கஸ்டமரு கேட்டாரு, செஞ்சேன் மாமா. அதுக்கு இத்தனை பேரு முன்னால வச்சா?"

"வண்டி என்கிட்ட வந்து அழுதுது."

"வண்டி அழுதா வண்டி வரட்டும். நீங்க வராதீங்க. கடைக்கும் வேண்டாம், வீட்டுக்கும் வேண்டாம்."

அவர் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். மகள் வீட்டு வாசல் அன்றோடு அடைந்தது. ஒரு நோன்புப் பெருநாள் போயிற்று, இன்னொரு பெருநாளும் போயிற்று. மனைவி முன்னமே போய்விட்டதால் வீட்டிலும் அவர் தனிதான். பெருநாள் அன்றைக்கும் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, துடைத்த மிஷினையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"மகளு பேசினாளா தம்பி?" என்று கேட்டேன்.

"ஃபோனுக்கு உடம்பு சரியில்லக்கா" என்றார்.

அதற்குப் பிறகு வண்டிகளுக்கு மலைக்காற்று வேண்டியிருக்கவில்லை. மணக்குடிக் கடல்காற்றும் வேண்டியிருக்கவில்லை. எந்த வண்டி வந்தாலும் மேற்கே, மணவாளக்குறிச்சி வழியாக நெய்யூர் வரைக்கும் போய்த்தான் படித்தது. "எங்க பாட்டி ஊரு வரைக்கும் போனாக்கூட இவ்வளவு தூரம் இல்லையே" என்று வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பெட்ரோல் அவர்களுடையதுதானே. நானும் அதை இன்னொரு கிறுக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்கும் ஒரு கார் உண்டு. மஸ்கட்டில் இருக்கிற மகன் வாங்கிக் கொடுத்தது. அந்த மீன் மணத்துக்காரி வண்டியில் சக்கரம் மின்னுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. வயசான காலத்தில் உனக்கு எதுக்கும்மா அலாய் வீல் என்று மகன் ஃபோனில் சிரித்தான். "வயசு எனக்குத்தாம்ல, வண்டிக்கு இல்லல்லா" என்றேன். வெள்ளி போல நாலு சக்கரம் வந்து இறங்கியது. வீல்காரர் அதைத் தடவிப் பார்த்து, "அக்கா, வண்டிக்கு நகை போட்டாச்சு" என்றார். சென்சார் எல்லாம் மாட்டி முடித்துவிட்டு, வாங்க, படிக்க வச்சுட்டு வரலாம் என்றார். நான் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"முன்னால இருங்கக்கா. முன்டயருக்கு வெயிட்டு பத்தல்ல."

"என் வண்டியில நான் பின்னாலதான் இருப்பேன்."

"வண்டி கேக்குது."

"உடையக்காரி பின்னாலதான் இருப்பாள்னு வண்டிகிட்டச் சொல்லும்."

அவர் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் நான்தான் இறங்கி முன்னால் போனேன். பறக்கை தாண்டுமுன் தெரிந்துவிட்டது, அவருக்குப் பேச ஒரு ஆள் வேண்டும். மகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். "நான் ஷார்ஜாவுல இருந்து ஃபோன் பண்ணுவேன்லா, அப்பம் சின்னப் பிள்ளை. வாப்பா எப்பம் வருவீங்கன்னு கேக்க மாட்டாக்கா. பிளேன் எப்பம் வருதுன்னுதான் கேப்பா."

"உம்ம மகள்தானே, வேற எப்படிக் கேப்பா" என்றேன். அவருக்கு அது பெருமையாக இருந்தது போல. கொஞ்ச தூரம் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

மணவாளக்குறிச்சி வந்ததும் என் கண்முன்னால் உருளி அணைந்துவிட்டது.

"தம்பி, விளக்கு அணைஞ்சாச்சு. திருப்பும்."

"எங்க?"

"இங்க. உம்ம மூக்குக்கு நேரா."

"அது சும்மா கண்ணை மூடியிருக்கு. உள்ள படிப்பு நடக்குது."

நெய்யூர் தாண்டி, திங்கள்சந்தைப் பக்கம் ஒரு சின்னத் தெருவுக்குள் வண்டி திரும்பியது. பச்சைக் கேட் போட்ட ஒரு மாடி வீடு வந்ததும், வண்டி நடக்கிற மாதிரி ஆகிவிட்டது. "இங்க ஒரு பள்ளம்" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். கேரம் பலகை மாதிரி கிடந்தது ரோடு. அவர் கண் ரோட்டில் இல்லை. மாடியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வண்டி வீட்டைத் தாண்டிப் போய், தெருமுனையில் திரும்பி, மறுபடியும் வந்தது. மறுபடியும் அதே இடத்தில் மெதுவாக நடந்தது.

"இப்பம் என்ன?"

"போகும்போது உள்ள பள்ளம் வரும்போதும் இருக்கும்லாக்கா."

எனக்கு விளங்கிவிட்டது. ஊர் வண்டியெல்லாம் எதற்காக இவ்வளவு தூரம் வந்து படித்தது என்று விளங்கிவிட்டது. நாளைக்கு வேறு ஒருவர் வண்டியில் வருவார், பள்ளம் என்பார், போய்விடுவார். எத்தனை காலத்துக்கு?

"நிறுத்தும்" என்றேன்.

"எதுக்கு?"

"எனக்குத் தாகமா இருக்கு."

"பாட்டில் இருக்கேக்கா."

"சூடாப் போச்சு. அந்த வீட்டுல வாங்கிக் குடிக்கேன்."

வண்டி நின்றது. அவர் கை ஸ்டியரிங்கை விடவில்லை. "அந்த வீடு வேண்டாம். நான் வரப்படாதுன்னு சொல்லியிருக்கு."

"உம்மை யாரு கூப்பிட்டா? நீரு டயரைப் பாரும்."

அடுத்தவர் வீட்டில் போய்த் தண்ணீர் கேட்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. கல்யாண வீட்டில்கூட ஒன்றுக்கு இரண்டு தரம் சொன்னால்தான் இலைக்கு முன்னால் உட்காருவேன். அன்றைக்கு, முன்பின் தெரியாத தெருவில் இறங்கி நின்று, கேட்டின் கம்பியைத் தட்டினேன். மாடியில் இருந்தவள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு கீழே வந்தாள். தோளில் ஈரத்துணி கிடந்தது.

"கொஞ்சம் தண்ணி வேணும் மக்கா."

"யாருக்கு?" என்றாள்.

என் முகத்தைப் பார்த்து அவள் கேட்கவில்லை. வண்டிக்கு அந்தப் பக்கம், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்த நரைத் தலையைப் பார்த்துக் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன், அங்கிருந்து டயரைப் பார்த்தபடியே பதில் வந்தது.

"வண்டிக்கு."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. நான் என் கௌரவத்தையெல்லாம் விட்டு ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்கிறேன், இந்த மனிதர் இப்போதும் வண்டிக்கு என்கிறாரே! அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டால் அதோடு போயிற்று. இனி ஒரு வண்டியும் இந்தத் தெருவுக்கு வர முடியாது.

அவள் போகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போன மட்டம் வந்தது சிவப்பு வண்டி. அதுக்கு முந்தி வெள்ளை. அதுக்கு முந்தி ஒரு பெரிய நீல வண்டி. அதுக ஒண்ணுக்கும் தாகிக்கல்ல. இந்த வண்டிக்கு மட்டும் என்ன வந்துது?"

டயரின் மேல் இருந்த கை அப்படியே நின்றது. "நீ பாத்தியா?"

"காஞ்ச துணியை எத்தனை மட்டம் வாப்பா காயப்போடுவேன்?"

அவர் வால்வு மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அவள்தான் பேசினாள். "அவரு இப்பம் குழாய் வைக்கதில்ல. கேட்டு வாறவங்களைத் திருப்பி அனுப்புகாரு. மாமா சொன்னதுக்காகன்னு மட்டும் வாயில வராது. குழாய் வெல கூடிப்போச்சாம்."

"வெல கூடத்தான் செஞ்சிருக்கு" என்றார் இவர், டயரிடம்.

"நான் வேணும்னா அவருகிட்டப் பேசட்டா வாப்பா?"

"வண்டிதான் வரலாம்னு சொல்லியிருக்காரு."

அவள் தோளில் கிடந்த துணியைக் கேட்டின் மேல் போட்டுவிட்டு, தாழ்ப்பாளை நீக்கி, இரண்டு கதவையும் அகலத் திறந்தாள்.

"வண்டிக்கு வெயிலடிக்கு. உள்ள கேத்துங்க."

அவர் எழுந்தார். கையை வேட்டியில் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். என் வண்டி மெதுவாக என்னைத் தாண்டி உள்ளே போனது. மருமகனின் வண்டி கடைக்குப் போயிருந்ததால் போர்ட்டிகோ காலியாக இருந்தது. மகள் வண்டிக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து, வா வா என்று கை காட்டிக்கொண்டே போனாள். சுவரில் இடிக்க இன்னும் எவ்வளவோ இடம் இருந்தது. அவள் கை நிற்கவில்லை, அவரும் நிறுத்தவில்லை. வீட்டுப் படிக்கட்டு வரைக்கும் கொண்டுபோய்த்தான் நிறுத்தினார்.

உள்ளேயிருந்து பேச்சு கேட்டது.

"சாயா போடட்டா, வண்டிக்கு?"

"போடு. குடிக்கும்."

"மதுரம் போட மாட்டேன். வண்டிக்கு சுகர் உண்டுல்லா."

பாத்திரத்தின் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், கெஞ்சுகிற மாதிரி. "எனக்கு ஒரே ஒரு கரண்டி போடு மக்கா."

"ஒரு கரண்டியும் இல்ல. பேசாம இருங்க."

நான் கேட்ட தண்ணீரை எல்லாரும் மறந்துவிட்டார்கள். என் வண்டி, வெள்ளிச் சக்கரமும் அதுவுமாக, நிழலில் நின்றது. நான் வெளியே வெயிலில் நின்றேன். என்னை வாசலில் நிறுத்தி வைத்த எந்த வீட்டுக்கும் நான் பிறகு போனதில்லை. அது எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு, கூப்பிட்டுவிடப் போகிறார்களே, அந்தப் பேச்சு நின்றுவிடுமே என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. கேட்டின் மேல் கிடந்த ஈரத்துணியைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, சத்தம் காட்டாமல் மதில் ஓரமாகத் தள்ளி நின்றுகொண்டேன்.